என் சைக்கிளுக்கு ஷட்டவுன்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் கெட்டுப்போகாது. ஷட்டவுனில்தான் போகும். மிக்ஸி ஓடவில்லை என்று நான் சொன்னதும் என் கணவர் செய்கிற முதல் காரியம், அதைத் திருப்பிப் பார்ப்பது அல்ல. தினசரி காலண்டரின் பழைய அட்டையில் வெட்டி வைத்திருக்கும் ஒரு துண்டை நூல் கட்டி அதன் மேல் தொங்கவிடுவதுதான். அட்டை முழுக்கச் சிவப்பு. நடுவில் அவருடைய குண்டு குண்டு எழுத்தில், "ஆள் வேலை செய்கிறார். இயக்காதே." இப்படிச் சில அட்டைகள் டிவி ஸ்டாண்டு இழுப்பறையில் எப்போதும் தயாராக இருக்கும்.

அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு வேலை. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற பெரிய பெரிய ரப்பர் பெல்ட்டுகள், அவற்றைத் தாங்குகிற உருளைகள், உருளைக்குள் பேரிங்குகள். அவர் பேச்சு, கனவு, குறட்டை எல்லாமே இவற்றைப் பற்றித்தான். அங்கே ஒரு மெஷினைத் திறந்து ஆள் உள்ளே இறங்குவதற்கு முன்னால் கரண்டை நிறுத்தி, சுவிட்சில் இதே மாதிரி ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்கள், அதற்கு டேக் என்று பெயர். மாட்டியவர்தான் அதைக் கழற்றலாம். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அதில் கை வைக்க முடியாது. நல்ல ரூல்தான், சுரங்கத்துக்கு. தேங்காய்ச் சட்னிக்கு அது தேவையா என்பதுதான் என் சந்தேகம்.

அந்த மிக்ஸிக்கு வேறொன்றும் வியாதி இல்லை, பிளக்கில் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அவர் டேக்கை மாட்டிவிட்டு செகண்ட் ஷிப்ட் போய்விட்டார். நான் தேங்காய்ப் பத்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். ஒயரைக் கொஞ்சம் முடுக்கிக் கொடுங்களேன் என்று கேட்டால் மனிதர் பதறிப்போய், "டேக் தொங்குதுன்னு சொல்றீங்களேம்மா. சார் வந்து எடுக்கட்டும். நான் எப்படித் தொடறது?" என்றார். அவர் வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பிளாக் முழுக்க இப்படிப்பட்ட ஆம்பிளைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் நாள் முழுக்கச் சொல்வேன்.

இந்த அட்டை ஒருநாள் என் சைக்கிளிலும் ஏறியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சைக்கிள் முதலில் மகளுடையது. வேலை கிடைத்து அவள் வெளியூர் போனதும் அது ஷெட்டில் துணி காயப்போடும் கம்பிக்குத் துணையாக நின்றது. நாற்பது வயது தாண்டிய பிறகு அதில்தான் நான் ஓட்டப் பழகினேன். டவுன்ஷிப் ரோடுகள் என்னைப் போன்றவர்களுக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். அகலம், நிழல், ஷிப்ட் மாறுகிற நேரம் போக மற்ற நேரத்தில் ஈ காக்கை கிடையாது. அப்படியும் ஆரம்பத்தில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறுவேன். அவர் வாசலில் நின்று அதைப் பார்த்து, மகளுக்குப் போன் போட்டு நேரடி வர்ணனை கொடுப்பார்.

ஓட்டத் தெரிந்த பிறகு நான் போனது டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்கு. அங்கே எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் வீட்டுக்காரர், பாய், பாத்திரக்கடை வைத்திருக்கிறார், அதற்குப் பக்கத்து அறையில் அக்காவின் தையல்கடை. அக்கா தைப்பார், நான் துணி வெட்டுவேன். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுவதில் என் கைக்கு அங்கே ஒரு பேர் இருந்தது. சம்பாத்தியத்துக்காக நான் போகவில்லை. அந்த மேஜை முன்னால் கத்தரிக்கோலோடு நிற்கும்போது யாரும் என்னிடம் இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்பதில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

கொஞ்ச நாளாக முன் சக்கரத்தில் ஒரு ஆட்டம் இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் கடக் என்று ஒரு சத்தம் வரும், ஹேண்டில்பார் நான் சொன்ன பக்கம் போகலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிக்கும். என் கணவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீல் நடுவுல, ஹப்ல ஆட்டம் இருக்கும். கோனை கொஞ்சம் டைட் பண்ணணும். ஞாயித்துக்கிழமை பாத்துத் தரேன்" என்றார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கே பேரிங் மாற்றுகிற மனிதர், வீட்டுப் பேரிங்கை மட்டும் ஞாயிறு தள்ளி ஞாயிறு ஒத்திப்போட்டார்.

அப்படி ஒரு நாள் அக்கா கடையிலிருந்து திரும்பும்போது, மந்தாரக்குப்பம் ரோட்டிலிருந்து டவுன்ஷிப் பக்கம் திரும்புகிற வளைவில் விழுந்தேன். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். அங்கே மண் கொட்டிக் கிடந்தது. சக்கரம் கடக் என்றது. அடுத்து நான் கையை ஊன்றிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு நான்கு வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பதில்கள் எல்லாம் வீணாகப் போயின.

அன்று சாயந்திரம் கையில் மாவுக்கட்டோடு நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார, எதிரில் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒரு மீட்டிங் நடந்தது. அவரும் எதிர்வீட்டு எலக்ட்ரிக்கல்காரரும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டார்கள். ஒருவர் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார்.

"ப்ளே இருக்கு சார், ஆடுது."

"இருக்கு. நல்லா இருக்கு."

"பேரிங்கா இருக்குமோ?"

"பாக்கணும். திறந்தாத்தான் தெரியும்."

சுரங்கத்தில் ஒரு ராட்சத மெஷின் நின்றுபோயிருந்தால்கூட இவ்வளவு கவலையோடு பேசியிருப்பார்களா தெரியாது. சக்கரத்தைக் கழற்றினார்கள். அச்சைச் சுற்றி கோன் என்று ஒரு துண்டு இருக்கிறது. அதற்கும் ஹப்பின் கிண்ணத்துக்கும் நடுவில்தான் சின்ன இரும்புக் குண்டுகள் ஓடுகின்றன. கோன் தளர்ந்தால் சக்கரம் ஆடும், இறுகினால் சுற்றாது. அதை நகராமல் காப்பது லாக் நட். இவ்வளவுதான் விஷயம் என்று அவர் எனக்கு விளக்கினார். கேட்டபோது பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் கை, ஆள் உயர ஸ்பேனரில் தொங்கிப் பழகிய கை. கோனை ஒரு முறுக்கு முறுக்கினார். ஆட்டம் போயிற்று, கூடவே ஓட்டமும் போயிற்று. சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் அரைச் சுற்றில் மண்ணைக் கடித்தது போலக் கரகரவென்று நின்றது. தளர்த்தினார், மறுபடி ஆடியது. சரியாக வந்துவிட்டது என்று லாக் நட்டை இறுக்கினால் அதோடு சேர்ந்து கோனும் இறுகிக்கொண்டது. வீட்டில் இருந்த ஸ்பேனர்கள் எல்லாம் தடி. கோனைத் தனியாகப் பிடிக்க மெல்லிசாக ஒன்று வேண்டுமாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை பெல்ட் ஓட்டியிருப்பீங்க?" என்று நாற்காலியிலிருந்து கேட்டேன்.

எலக்ட்ரிக்கல்காரர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. கோனைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, "பள்ளம் விழுந்திருக்கு. இத வச்சு என்ன பண்ணாலும் நிக்காது. புது கோன் வேணும். நல்ல கோன் பண்ருட்டியிலதான் கெடைக்கும்" என்றார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சைக்கிளை நிமிர்த்தி ஷெட்டில் நிறுத்தி, இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் கட்டினார். நூலுக்குப் பதில் இந்தத் தடவை கம்பி போட்டு முறுக்கினார். நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் செய்துகொள்ளவில்லை.

பிறகு பண்ருட்டிக் கோனின் கதை ஆரம்பித்தது. அவர் பண்ருட்டி போனார். ஒரு பலாப்பழத்தோடு வந்தார். கோன் கடைக்காரர் ஊரில் இல்லையாம். மறுபடி போனார். முந்திரிப்பருப்போடு வந்தார். கோன் இருந்ததாம், சைஸ் இல்லையாம். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் கேட்டேன், சொல்லி வைத்திருக்கிறேன் வரும் என்றார். ஜெர்மனியிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி நான் ஒரு சைக்கிள் கோனுக்குக் காத்திருந்தேன்.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து கோன் வருகிற வரைக்கும் கடைக்கு என்னை ஸ்கூட்டரில் அவரே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அவர் ஸ்கூட்டர் ஓட்டுகிற வேகத்துக்கு நான் பக்கத்தில் நடந்தே போயிருக்கலாம், பேச்சுத் துணையாகவாவது இருந்திருக்கும். போதாததற்கு ஷிப்டைப் பொறுத்துத்தான் என் வேலை நேரம். அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் நான் சாயந்திரம் போக வேண்டும், செகண்ட் ஷிப்ட் என்றால் காலையில், நைட் ஷிப்ட் என்றால் அவர் தூங்கி எழுந்த பிறகு. கொண்டுவந்து விட்டவர் திரும்பியும் போகமாட்டார். கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அவரைப் பார்த்ததும் பாத்திரம் வாங்க வந்தவர்கள் போலப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். பாய்க்கு வியாபாரம் கூடியது, அக்காவுக்குக் குறைந்தது.

அக்கா கொஞ்ச நாள் பொறுத்தார். ஒருநாள் என் கணவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து என்னிடம் சொன்னார்.

"கோச்சுக்காத. உங்க வூட்டுக்காரரு நல்ல மனுசருதான், இல்லன்னு சொல்லல. ஆனா வாசல்ல இப்புடி குந்திகினு இருந்தா எந்தப் பொம்பள உள்ள வருவா? நீயும் ஒரு நாள் காலைல வர்ற, ஒரு நாள் பொழுது சாஞ்சு வர்ற. துணி வெட்டாம கெடக்குது, நான் மெஷின பாத்துகினு உக்காந்திருக்கேன். பண்டிக வருது. பக்கத்துல வடக்குத்து ஊர்லேர்ந்து ஒரு பொண்ணு வேலைக்கு வரேன்னு கேட்டுகினே இருக்கு. நீ சைக்கிள எடுத்துகினு முன்ன மாதிரி காலைல வந்துடுவேன்னா சொல்லு, அவள வேணான்னுடறேன். இல்லன்னா நான் என்னா பண்றது?"

அக்கா கேட்டதில் தப்பே இல்லை. வாரம் முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன். அந்த மேஜையில் என் கத்தரிக்கோலை இன்னொருத்தி எடுத்து வெட்டப்போகிறாள். அதுவும் ஒரு கோனுக்காக.

மறுநாள் அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போனதும் நான் ஷெட்டைத் திறந்தேன். போனில் ஹப் ஆட்டம் எடுப்பது பற்றி ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்திருந்தேன். மண்ணில் கோணியை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சிவப்பு அட்டை கவிழ்ந்த ஹேண்டில்பாரிலிருந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதை நான் கழற்றவில்லை. இயக்காதே என்றுதான் அது சொல்கிறது, பார்க்காதே என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியதில் ரூலைப் படிக்க நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். இடது கையால் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ரிம்மை இடமும் வலமுமாக அசைத்தேன். அசையவில்லை. அடிபட்ட கையில் பலம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு பக்கமாக உட்கார்ந்து, கையை மாற்றி ஆட்டினேன். கடக் இல்லை, ஒன்றும் இல்லை. சரி, இறுகிப்போய்க் கிடக்கும் என்று விரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டேன். அது சுற்ற ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல ஓய்ந்து, காற்றடிக்கிற வால்வு இருக்கிற பக்கம் தன் கனத்தில் தானாகக் கீழே வந்து, கொஞ்சம் அப்படியும் இப்படியும் ஆடி, நின்றது. ஹப் சரியாக இருந்தால் இப்படித்தான் நிற்கும் என்று வீடியோவில் காட்டியிருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன். கோன் புதுசு, பளபளவென்று இருந்தது. ஓரத்தில் புதுக் கிரீஸ் பிதுங்கி, அதையும் யாரோ பொறுமையாக விரலால் துடைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. போன மாசம் ஒரு ஞாயிறு நான் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தபோது அவர் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. லீவு நாளிலும் மைன்ஸுக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு சின்ன வேலை" என்றார். பொய் சொல்லவில்லை, சின்ன வேலைதான்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், அடுப்பில் பால் பொங்குவது போலத் திடுதிப்பென்று வந்தது. ஒரு மாசமாகச் சக்கரம் சரியாக இருக்கிறது. ஒரு மாசமாக நான் ஸ்கூட்டர் பின்னால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன். அட்டையைப் பிய்த்து அடுப்பில் போடலாமா என்று கை போயிற்று. போடவில்லை. அவர் மாட்டியதை அவர் கையாலேயே கழற்ற வைக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

அவர் ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, லுங்கி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். சைக்கிளை அப்படியே தலைகீழாக அவர் எதிரில்தான் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு டீயைப் பார்த்தார்.

"கோன் வந்துச்சாங்க?" என்றேன்.

"சொல்லியிருக்கேன். வரும்."

நான் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன். அது சத்தமில்லாமல் சுற்றியது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரிக்கல்காரர், குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மெல்லிசான ஸ்பேனர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"வேலை முடிஞ்சா டேக்கை எடுக்கணுமா, வேணாமா? உங்க மைன்ஸ்ல என்ன ரூல்?"

"எடுக்கணும்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஓய்ந்துகொண்டிருந்த சக்கரத்தை ஒரு விரலால் நிறுத்தினார்.

"நீ சொன்ன அன்னிக்கே நான் பாத்திருக்கணும். ஞாயித்துக்கிழமைன்னு தள்ளிட்டே போயிட்டேன். ஆட்டத்துனால விழுந்தியா, ஹாரனால விழுந்தியா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஆட்டத்தை எடுத்துட்டேன். ஹாரனை நான் எப்படி எடுக்கறது?"

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அதுக்காகச் சும்மா நிக்கிற சைக்கிள்ல டேக் தொங்கவிடுவீங்களா? அதுல என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க. ஆள் வேலை செய்கிறார். எந்த ஆள்? எங்க வேலை செய்யறார்?"

"டேக் மெஷினுக்காக மாட்டறது இல்ல," என்றார். என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "உள்ள ஆள் இருக்கான்னுதான் மாட்டறது. டிரம்முக்கு அடியில படுத்திருப்பேன். மேல அவ்வளவு பெரிய பெல்ட் நிக்கும். வெளியில என் டேக் தொங்குது, எவனும் தொட மாட்டான்கற தைரியத்துலதான் படுத்திருப்பேன். நீ சைக்கிள எடுத்துக்கிட்டு அந்தத் திருப்பத்துக்குப் போனா எனக்கு அப்படித்தான் இருக்கு. டேக் இல்லாம உள்ள படுத்திருக்கற மாதிரி."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பேரிங் சம்பந்தப்படாமல் பேசியதில் நிச்சயமாக அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக அக்கா கடையை விட்டுவிட முடியுமா? வடக்குத்துப் பெண் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். வாரம் முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது என்றேன். நான் போகாவிட்டால் அந்த மேஜை எனக்கு இல்லை என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களையெல்லாம் விரட்டியடித்ததையும் சொன்னேன். அதை மட்டும் அவர் நம்பவில்லை.

மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். சைக்கிளை நிமிர்த்தினார். உள்ளே போய் இடுக்கி எடுத்துவந்து, முறுக்கிய கம்பியைப் பிரித்து, அட்டையைக் கழற்றினார். அவசரமில்லாமல், டூட்டியில் செய்கிற மாதிரிதான் செய்தார். நான் உடனே ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போனேன்.

"இரு. ட்ரையல் பாக்காம லைன்ல குடுக்கக் கூடாது."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் சைக்கிளில் ஏறினார். மகள் ஒட்டிய பூ ஸ்டிக்கரோடு முன்னால் ஒரு ரோஸ் கலர் கூடை, அதற்குப் பின்னால் ஆறடி உயரத்தில் அவர், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஹேண்டில்பாரில் முட்டுகிறது. மணியை வேறு அடித்துப் பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார் என்று வாசலிலேயே நின்றேன். வரவில்லை. நான் தோசைக்கு மாவெடுத்து வைத்து, விளக்கைப் போட்டு, மறுபடி வாசலுக்கு வந்த பிறகுதான் வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து வந்து இறங்கினார்.

"வீல் நல்லா இருக்கு," என்றார் மூச்சு வாங்க. "அந்தத் திருப்பத்துல இன்னும் மண்ணு கெடக்கு. ஒதுங்கறதா இருந்தா முன்னாடியே இறங்கிடு. தள்ளிக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் ஏறிக்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கித் தள்ளியதற்கு மகளுக்குப் போன் போட்டவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. சரி என்றேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போய்விட்டார். நான் சமையலை முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது. பள்ளத்தில் இறங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. மந்தாரக்குப்பம் திருப்பம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சொன்னதற்காக என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். உள்ளபடி எனக்கே பயமாக இருந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போகட்டும் என்று நின்று, புடவையைச் சரி செய்துகொண்டு, ஏறினேன்.

கடை வாசலில் என்னைப் பார்த்த அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எட்டி ரோட்டைப் பார்த்தார். "தனியாவா வந்த? அந்த ஸ்டூல உள்ள எடுத்து வச்சுடவா?" என்றார். வை அக்கா என்றேன். வெட்டாத துணி மேஜை மேல் குவிந்து கிடந்தது. கத்தரிக்கோல் நான் வைத்த ஆணியிலேயே தொங்கியது.

அவருக்கு டீ நேரம் வரும்வரை காத்திருந்து போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், ஏதோ பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன்," என்றேன்.

"ஆ?"

"வந்து சேர்ந்துட்டேங்க," என்று கடையே கேட்கும்படி கத்தினேன். பிறகு கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று, "உள்ள படுத்திருக்கற ஆள் இனிமே வெளிய வரலாம்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் நிதானமாக வந்தது.

"எங்க வர்றது? நீ திரும்பி வீட்டுக்கு வரணும்ல. அது வரைக்கும் உள்ளதான்."

போனை வைத்துவிட்டார். என்னா சொல்றாரு என்று அக்கா கேட்டார். ஒன்றுமில்லை என்று சாக்கை எடுத்துத் துணியில் கழுத்து வரைந்தேன். கோடு கொஞ்சம் கோணிப்போயிற்று, தட்டிவிட்டுத் திரும்ப வரைந்தேன். இவ்வளவு வருஷ சர்வீஸில், உள்ளே ஆள் இருக்கும்போதே அவர் டேக்கைக் கழற்றியது அந்த ஒரு தடவைதான்.